முதல் புத்தகம் எதுவாக இருக்கலாம்?

“பள்ளிக்கூடத்தோடு கதைப் புத்தகம் படிப்பது நின்றுபோயிற்று. மறுபடியும் தமிழில் ஏதாவது படிக்கலாம் என்று இருக்கிறேன். எதில் ஆரம்பிக்கட்டும்?” இப்படி ஒருவர் கேட்டால், அவர் வாய் மூடுவதற்குள் பக்கத்திலிருப்பவரிடமிருந்து பதில் வந்துவிடும்: ‘பொன்னியின் செல்வன்’. கேட்டவருக்கு வயது என்ன, என்ன வேலை, இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், இதற்கு முன் எதை ரசித்தார் என்று ஒரு விசாரணையும் கிடையாது. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் என்பது மாதிரி, தமிழ் வாசிப்பு என்றால் கல்கி.

கல்கியின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கேள்வியைக் கேட்டவர்மேல்தான் அக்கறை. அவர் பெரும்பாலும் முப்பத்தைந்து, நாற்பது வயதைத் தாண்டியவர். தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் செய்தித்தாளுக்கும் கைப்பேசிக்கும் பழகிய கண். நாளைக்கு அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதுவும் பஸ்ஸிலோ, எல்லோரும் தூங்கிய பிறகோ. அவரிடம் போய் ‘தமிழின் மகத்தான நாவல் எது’ என்ற பட்டிமன்றத்தை நடத்துவதில் பொருளில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியது முதல் புத்தகம்.

முதல் புத்தகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதை முடித்து வைத்ததும் கை இன்னொரு புத்தகத்தைத் தேடிப் போகிறதா? அதற்கு முன்னால் ஒரு சின்ன நிபந்தனை, முடிக்க முடிய வேண்டும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் புத்தகங்களையும் எனக்குப் பிடித்த சிலவற்றையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கிறேன்.

பொன்னியின் செல்வனும் அதன் சுற்றுப்பாதையும்

முதலில் அதற்குரிய மரியாதை. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்துக்கு இணையான வரவேற்பு தமிழ் நாவல்களில் அதிகம் இல்லை. மொழி தெளிந்த நீர். ஆழ்வார்க்கடியான் தடியோடு வந்து சைவர்களிடம் வம்பு வளர்க்கும் இடத்தில் எவருக்கும் சிரிப்பு வரும். 1950இலிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது என்பதால், ஒவ்வோர் அத்தியாயமும் வாசகனைச் சட்டைக் காலரில் பிடித்து அடுத்த வாரத்துக்கு இழுக்கும்படி முடிகிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல், மலிவுப் பதிப்புகள் நிறைய, இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. 2022, 2023இல் வந்த படங்களால் முகங்களும் மனத்தில் பதிந்துவிட்டன. யார் எவர் என்ற குழப்பம் இல்லை.

தடை எங்கே என்றால் அளவில்தான். ஐந்து பாகங்கள், இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல். தினமும் அரை மணி நேரக்காரர் இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றை எட்டுவதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒன்றாகப் படித்தவர்களுக்காக எழுதிய நினைவூட்டல்கள், ஒரே மூச்சில் படிக்கிறவருக்குச் சுமை. அப்புறம், அந்தச் சோழ நாட்டில் தூணுக்குப் பின்னாலோ மரக்கிளையிலோ ஒளிந்து ஒட்டுக் கேட்காத பாத்திரம் அநேகமாக இல்லை. பதினைந்து வயதில் அது கிளர்ச்சி தரும். நாற்பத்தைந்தில் மூன்றாவது முறை அதே நடக்கும்போது கொட்டாவி வரும்.

ஆனால் என் உண்மையான குறை வேறு. பொன்னியின் செல்வனை ஐந்து முறை படித்தவர்களை எனக்குத் தெரியும். ஆறாவது முறையாக வேறொரு புத்தகத்தைப் படித்தவர்கள் அவர்களில் குறைவு. அந்த நாவல் வாசகரைத் தன்னிடமே திருப்பி அழைத்துக்கொள்கிறது. கொஞ்சம் துணிந்தவர்கள் சாண்டில்யனின் ‘கடல் புறா’வுக்கும், பாலகுமாரனின் ‘உடையா’ருக்கும் போவார்கள். அதுவும் பெரும்பயணம்தான், ஆனால் காவிரிக் கரையைவிட்டு வெளியே போவதில்லை. மன்னர் இல்லாத கதை அவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது.

கல்கியைத்தான் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், ‘பார்த்திபன் கனவு’ போதும். ஒரே தொகுதி. அதே வேகம், அதே குறும்பு, ஒரு நல்ல புதிர். பிடித்திருந்தால் ஐந்து பாகங்கள் எங்கேயும் ஓடிப்போய்விடாது. வீட்டில் எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால் மட்டும், கோடை விடுமுறையில் பொன்னியின் செல்வனை யோசிக்காமல் கையில் கொடுத்துவிடலாம். அந்த வயதுக்கும் அந்த விடுமுறைக்கும் அளவெடுத்துத் தைத்த புத்தகம் அது.

சுஜாதா

வேகம்தான் வேண்டும், ஆனால் அரசர்கள் வேண்டாம் என்பவர்களுக்கு அடுத்து சொல்லப்படும் பெயர். நியாயமான பெயர்தான். ‘கொலையுதிர் கால’த்தில் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் ஒரு சொத்து விவகாரத்துக்காகப் போகிறார்கள், அங்கே நடப்பது பேயா விஞ்ஞானமா என்று கடைசி வரை ஒருவரும் அடித்துச் சொல்ல முடியாதபடி கதையைக் கொண்டுபோகிறார். ‘என் இனிய இயந்திரா’வில் பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும், பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்த உலகத்தில் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படித்துக்கொண்டு மனிதர்களைவிடச் சமர்த்தாகப் பேசுகிறது. இரண்டில் ஒன்று என்றால் நான் ஜீனோ பக்கம். கொலையுதிர் காலத்தின் தொழில்நுட்ப ஆச்சரியங்களுக்கு வயதாகிவிட்டது. ஜீனோவின் நக்கலுக்கு வயதாகவில்லை.

இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்பதால் என் முதல் நிபந்தனையில் சுஜாதா முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார். இரண்டாவதில் நிலைமை சிக்கல். அவர் எழுதியது ஏராளம் என்பதால் கை இன்னொரு சுஜாதாவைத்தான் தேடும். அப்படியே இருபது புத்தகங்கள் போகும். அவரிடமிருந்தே வெளியே போகும் வாசல் ஒன்று உண்டு. ‘கணையாழியின் கடைசிப் பக்கங்க’ளில் கவிதை, சிறுகதை, நாட்டுப்புறப் பாட்டு என்று கண்டதையும் படித்துவிட்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். கதைகளில் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’. மர்மமும் இயந்திரமும் இல்லாமல் கீழச்சித்திரை வீதி மனிதர்களை வைத்தே அவர் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டும் தொகுப்பு. சுஜாதாவில் தொடங்குவது என்று முடிவெடுத்தவருக்கு, ஜீனோவுக்கு அடுத்ததாக மூன்றாவது துப்பறியும் கதையை எடுக்காமல் ஸ்ரீரங்கத்துக்குப் போகச் சொல்வேன்.

சின்ன நாவல்கள் இரண்டு

நூற்றைம்பது பக்க அளவில் தமிழில் நல்ல நாவல்கள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தலையணை அளவு இல்லாவிட்டால் நாவல் என்றே ஒப்புக்கொள்ளாத ஒரு மனநிலை நம்மிடம் இருக்கிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973இல் வெளிவந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். சினிமாவில் வாய்ப்பு வரும் என்று பாஸ்கர் ராவை நம்பி வீணாகிப்போன ஜமுனா, வேலைக்குப் போகும் தங்கை சாயா, அதே தெருவில் ஒரு டீச்சரம்மா. கதை இவ்வளவுதான். குடத்தோடு அலைவதும், அடிபம்பில் காத்து நிற்பதும், தெருவைத் தோண்டிப்போட்டதில் குடிநீரோடு சாக்கடை கலப்பதும் நடுவே இரண்டு பெண்களின் வாழ்க்கை திரும்புகிறது. எங்கேயும் குரலை உயர்த்தமாட்டார். டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் வாழ்க்கையைச் சொல்லும் அந்த ஓர் உரையாடல் போதும். ஆறுதல் சொல்கிறோம் என்ற பெயரில் நாம் பேசும் பேச்சையெல்லாம் அதற்குப் பிறகு பேசக் கூச்சமாக இருக்கும். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற எந்தச் சென்னைவாசிக்கும் இந்த நாவலுக்குள் நுழைய முன்னுரை தேவையில்லை.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966. நாகர்கோவிலில் ஒரு சந்திப்பில் நிற்கும் புளியமரம். அதைச் சுற்றி ஊர் மாறுகிறது. முதல் பாதியில் தாமோதர ஆசான் வெற்றிலை மென்றுகொண்டு பையன்களுக்குக் கதை அளக்கிறார். அளக்கிறார் என்பதுதான் சரியான வினை. எது நடந்தது, எது அவர் சேர்த்தது என்று கேட்கக்கூடாது. மகாராஜா வரும் வழியில் குளம் நாறுகிறது என்பதற்காகக் குளமே தூர்க்கப்படும் கதையை அவர் சொல்லும் தினுசு அலாதி. பின்பாதியில் கடைகள், முனிசிபல் தேர்தல், பத்திரிகை, போட்டி. ஆசான் போனபிறகு நாவலின் சூடு ஒரு மாற்று குறைகிறது என்பது என் அபிப்பிராயம்; மறுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு.

இரண்டையும் ஒப்பிட்டால், சிரிக்க விரும்புகிறவருக்குப் புளியமரம், நகரத்தில் உழல்கிறவருக்குத் தண்ணீர். முடிப்பதில் இரண்டுக்கும் சிரமமில்லை. ‘அடுத்து’ என்ற கேள்வியில் அசோகமித்திரன் முந்துகிறார். தண்ணீர் பிடித்தவர் தானாக ‘18வது அட்சக்கோ’ட்டுக்குப் போவார், நிஜாம் ஆட்சியின் கடைசிக் கட்டத்தில் செகந்தராபாத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரிப் பையனின் கண் வழியே வரலாறு தெரியும். மன்னர் இருக்கிறார், போர் இருக்கிறது, ஆனால் கல்கிக்கு நேர் எதிர்த் திசை. புளியமரத்துக்குப் பிறகு அதே ஆசிரியரின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ என்று யாராவது கொடுத்துவிட்டால், புதிய வாசகர் திகைத்துப்போவார். இலக்கியவாதிகளின் சண்டை சச்சரவு தெரிந்தவர்களுக்குத்தான் அதில் பாதி சுவை.

கரிசல் பாதை

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளவும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்று ஒரு கிராமம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே 1923இல், ஒரே மாதத்தில், பிறந்த இரண்டு நண்பர்கள். இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது; அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த ஆண்டில்; கி.ரா.வுக்கு 1991இல். அதே வட்டாரத்திலிருந்து அடுத்த தலைமுறையில் வந்தவர் பூமணி. அதே கரிசல் மண்ணை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினார்கள். ஒருவரைப் படித்தால் அடுத்தவரிடம் போகாமல் இருக்க முடியாது. என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை வேறு இல்லை.

கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ 1976. தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு பெண்ணின் மானத்துக்குப் பயந்து ஓடிவந்த குடும்பங்கள், காட்டை எரித்து நிலமாக்கி ஊர் சமைத்த கதை. நூற்று முப்பத்தேழு வயதுப் பாட்டி மங்கத்தாயாரு அம்மாள் அதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறாள். வரலாற்று நாவல்தான், ஆனால் ஒரு கல்வெட்டும் கிடையாது. செவிவழிச் செய்தி மட்டும். கழுத்தில் மாலையோடு யானையில் யாரும் வருவதில்லை. வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து பயிரைத் தின்கிறது. ஊரே தகரத்தையும் கொட்டு மேளத்தையும் தட்டிக்கொண்டு ஓடுகிறது. அதுதான் இந்த நாவலின் போர்க்களம்.

ஆனால் தொடக்கத்திலேயே ஒரு கொலை இருக்கிறது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தனியாக நடந்து வருகிறாள். தாகம். தண்ணீர் குடிக்கக் குனிந்தவளைக் காதில் கிடக்கும் நகைக்காக ஒருவன் நீருக்குள் அமுக்குகிறான். மூச்சு முட்டிச் சாகும் வேளையில் அவள் அவனுடைய கால் பெருவிரலைப் பல்லால் கவ்விக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் பிடி விடவில்லை. கள்ளன் தப்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்கிறான். பின்னால் அவனைக் கழுவேற்றும் பகுதி வரும், கி.ரா. அதைச் சொல்லும் நிதானம் நடுங்க வைக்கும். வழக்கமாகக் கிராமத்து நாவல் என்றதும் ‘மெதுவாகத்தான் போகும்’ என்று பயப்படுகிறவர்கள் இந்த முதல் சில பக்கங்களைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

மொழியைப் பற்றி ஒரு சந்தேகம் எழும்: வட்டார வழக்கு புரியுமா? புரியும். சில சொற்கள் புரியாமல் போகலாம். பாட்டி கதை சொல்லும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி அர்த்தம் கேட்டோமா என்ன? முடியாதவர்களுக்காக அவரே கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் தனிக்கதை போல முடியும். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் புத்தகத்தை மூடுவதில் மனக்கஷ்டம் இராது.

பூமணியின் ‘வெக்கை’ 1982. ‘அசுரன்’ படத்துக்கு இதுதான் மூலம் என்பதால் பலர் கதை தெரியும் என்கிறார்கள். படத்தில் கதை தெரியும், நாவல் தெரியாது. பதினைந்து வயதுச் சிதம்பரம், அண்ணனைக் கொன்றவனுடைய கையை மட்டும் வெட்டலாம் என்று போகிறான். வெட்டு தப்பி உயிர் போய்விடுகிறது. இது முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் நாவல் முழுக்க அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிவதுதான். எதை எப்படிச் சமைத்தார்கள், எங்கே படுத்தார்கள், யார் ரகசியமாகச் சோறு கொண்டுவந்தார்கள், பழைய பகை எப்படி மூண்டது என்று பேச்சும் நடையுமாகவே போகிறது. திரையில் ரத்தம் தெறித்த இடத்தில் நாவலில் இரண்டு பேர் கல்லுக்கூட்டி அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். தலைமறைவாக இருக்கும் மகனைத் தகப்பன் திட்டவில்லை. காட்டில் பிழைக்கச் சொல்லிக்கொடுக்கிறார். இவ்வளவு கனிவான ஒரு கொலைக்கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

முதல் புத்தகமாக இரண்டில் எது? பொறுமை குறைந்தவருக்கு, குறிப்பாகப் படம் பார்த்தவருக்கு, வெக்கை. ஒரே சம்பவம், சில நாள் கதை, உரையாடல் நிறைய. கதை கேட்பதில் ருசி உள்ளவருக்குக் கோபல்ல கிராமம். என்னுடைய ஓட்டு கி.ரா.வுக்கு, காரணம், அவர் பூமணியிடமும் அழகிரிசாமியிடமும் வழியனுப்பி வைக்கிறார். வெக்கையில் தொடங்குகிறவர் பூமணியின் ‘அஞ்ஞாடி’யை அடுத்து எடுத்துவிடும் ஆபத்து உண்டு. விருது பெற்ற நாவல்தான், ஆனால் ஆயிரம் பக்கம் தாண்டும்.

அழகிரிசாமி சிறுகதைக்காரர் என்பதால், இப்போது எல்லோரும் பரிந்துரைக்கும் இன்னொரு சிறுகதைத் தொகுப்போடு அவரை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஜெயமோகனின் ‘அறம்’ 2011இல் எழுதப்பட்ட, உண்மை மனிதர்களை மையமாகக் கொண்ட கதைகள். ‘யானை டாக்டர்’ கதையில் காட்டில் எறிந்த பீர் பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறிவிடும். அதைப் படித்தபின் மலைப்பாதையில் எவரும் பாட்டிலை வீச மாட்டார்கள். ‘சோற்றுக்கணக்’கில் திருவனந்தபுரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரர் கெத்தேல் சாகிப் யாரிடமும் காசு கேட்பதில்லை, உண்டியல் இருக்கும், போட்டால் போடலாம். பத்து வருடமாகப் புத்தகம் தொடாதவரையும் இந்தக் கதைகள் ஒரே இரவில் அழவைத்துவிடும். முடிப்பாரா என்ற கேள்விக்கே இடமில்லை. இதில் ஒரே ஒரு சங்கடம். இவ்வளவு உரத்த உணர்ச்சிக்குப் பழகிய மனம், அடுத்து தண்ணீரை எடுத்தால் ‘என்ன, ஒன்றுமே நடக்கவில்லையே’ என்று கேட்கும்.

அழகிரிசாமி அழவைக்க முயல்வதே இல்லை. ‘ராஜா வந்திருக்கிறா’ரில் ஏழைப் பிள்ளைகள் சட்டையையும் புத்தகத்தில் உள்ள படங்களையும் வைத்துப் போட்டி போடுகிறார்கள். தீபாவளி நேரத்தில் ஓர் அநாதைப் பையன் வந்து சேர்கிறான். அவ்வளவுதான். ‘அன்பளிப்பு’ கதையோ புத்தகம் கொடுப்பதைப் பற்றியே எழுதப்பட்டது. பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தருகிறார். புத்தாண்டுக்கு டைரிகளும் தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு மட்டும் எதுவும் இல்லை. இவர் அதைக் கவனிக்கவும் இல்லை. சாரங்கன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் செய்யும் காரியத்தை நான் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் பலர் வந்துபோகும் வீட்டில் இருப்பவர்கள், பரிசு கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள், இதை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

இரண்டு தொகுப்பில் ஒன்று என்றால், வாசிப்பே வராது என்று கை விரிப்பவருக்கு அறம். வாசிப்பு கொஞ்சமேனும் ஓடுகிறவருக்கு அழகிரிசாமி. புதுமைப்பித்தனை ஏன் விட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஒரு கதையை மட்டும் எவரும் எந்நேரமும் படிக்கலாம். முழுத் தொகுப்பையும் முதலில் தூக்கிக் கொடுப்பது முறையல்ல. அவருடைய எரிச்சலும் எள்ளலும் பிடிபட நாளாகும்.

கதை வேண்டாம் என்பவர்களுக்கு

‘கற்பனை எல்லாம் எதற்கு, நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று ஒரு கட்சி இருக்கிறது. கணக்கர்கள், பொறியாளர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் அதில் அதிகம். அவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. 1940 முதல் 1942இல் அவர் மறையும் வரை வாரப் பத்திரிகையில் வந்த தொடர். 122 அத்தியாயங்களோடு நின்றுபோனது. தாத்தா காலத்துத் தமிழ்ப் பண்டிதர், சுவடி, பதிப்பு என்றதும் ஓடிவிடாதீர்கள். தமிழில் இதைவிட எளிய உரைநடை எழுதிய பண்டிதர் யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஓர் இடம் மட்டும் சொல்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் பதினாறு பதினேழு வயதுப் பையனாக மாயூரத்துக்குப் போகிறார். பிள்ளையவர்களுக்குத் தோட்டத்தில் பிரியம். காலையில் எழுந்ததும் நட்ட மரங்களில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடப்பார். பையன் என்ன செய்கிறான்? அவருக்கு முன்னால் எழுந்துபோய், எந்த மரத்தில் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுகிறான். ஆசிரியர் முகம் மலர்கிறது, பாடமும் கிடைக்கிறது. ‘தளிர் ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்து இதை எழுதுகிறார். பிற்காலத்தில் ஏடு ஏடாகத் தேடி ‘சீவக சிந்தாமணி’யை 1887இல் பதிப்பித்த அதே கண்தான் அங்கே மரத்தில் தளிர் தேடுகிறது.

இவ்வளவு பிடித்தும் முதல் புத்தகமாக இதை நான் சொல்ல மாட்டேன். தடிமனானது, நடுவில் மடத்து விவகாரங்களும் செய்யுள்களும் வரும் பகுதிகளில் புதியவர் தேங்கிவிடுவார். நான்காவது ஐந்தாவது புத்தகமாக வந்தால் ஆறு மாதம் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினம் ஓர் அத்தியாயம் படிக்கலாம். அதற்கு முன் நடந்ததை மட்டும் விரும்புகிறவருக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ பொருந்தும். ஆய்வுக் கட்டுரைகள்தான், ஆனால் காப்பி தமிழர் வீட்டுக்குள் நுழைந்தபோது யார் யார் பதறினார்கள், அது எப்படி அந்தஸ்தாக மாறியது என்று படிக்கும்போது கையில் டம்ளர் இருந்தே தீரும். ஒரு கட்டுரை படித்துவிட்டு ஒரு மாதம் மூடி வைக்கலாம், குடி முழுகாது.

மொழிபெயர்ப்புகளில் போட்டி எனக்கு இரண்டுக்கு நடுவேதான். தாராசங்கர் பந்தோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’, த. நா. குமாரசுவாமி வங்காளத்திலிருந்து தமிழாக்கியது. நாடி பிடித்து மரண நாளைச் சொல்லக்கூடிய கிராமத்து வைத்தியர் ஜீவன் மஷாய், புதிதாக வந்த ஆங்கில மருத்துவர், இருவருக்கும் இடையே ஓர் ஊர். தன் மகனின் நாடியையே அவர் பிடித்துப் பார்க்க நேரும் இடம் நாவலின் உயிர்நாடி. வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கூட்டிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இந்த நாவல் சொல்வதை வேறு யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’, சுந்தர ராமசாமியின் தமிழில். ஆலப்புழை நகரத்தின் மலம் சுமந்த மூன்று தலைமுறையின் கதை. இசக்கிமுத்து, அவன் மகன் சுடலைமுத்து, அவன் மகன் மோகன். மூன்று பெயர்களை வரிசையாகப் படித்தாலே சுடலைமுத்துவின் ஆசை புரிந்துவிடும். சிறிய நாவல், இரண்டு மூன்று நாளில் முடியும், வயிற்றைப் பிசையும். முதல் புத்தகமாகத் தகழி, ஆற அமரப் படிக்க வங்காள வைத்தியர்.

தமிழகத்துக்கு வெளியே உள்ள தமிழைப் படிக்க விரும்பினால் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் தொடங்கி ஆப்பிரிக்கா, ஆப்கானிஸ்தான், கனடா என்று சுற்றும் கதைகள். நகைச்சுவையைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவார். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ இதைவிடப் பெரிய சாதனை, இரண்டாம் உலகப் போர்க்கால மெடானும் பினாங்கும் அதில் கொதிக்கின்றன. ஆனால் முதல் ஐம்பது பக்கத்தில் புதியவர் திசை தெரியாமல் நிற்பார். கவிதைக்கு ‘குறுந்தொகை’, 401 பாட்டு, பெரும்பாலும் எட்டு வரிக்கு மேல் போகாது. உரையோடு கூடிய பதிப்பாக வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டால் போதும். அது எதற்கும் போட்டியல்ல.

ஆக, வாங்குவது எதை?

கேட்பவர் யாரென்று தெரியாது, ஒரே ஒரு பெயர்தான் சொல்ல முடியும் என்றால், என் பதில் ‘கோபல்ல கிராமம்’. அடுத்ததாக அழகிரிசாமியின் கதைகள், மூன்றாவதாக வெக்கை. இந்த மூன்றும் முடிந்தபின் அவருக்கு என் பரிந்துரை தேவைப்படாது. தனக்கு எது வேண்டும் என்று அவரே சொல்லத் தொடங்கியிருப்பார்.

கேட்பவரைத் தெரியும் என்றால் மாற்றிக்கொள்வேன். சென்னையிலேயே பிறந்து வளர்ந்து, கிராமத்துக் கதை என்றால் ஒட்டாது என்பவருக்குத் தண்ணீர். படம் பார்த்துவிட்டுப் புத்தகக் கடைக்கு வருகிறவருக்கு வெக்கை. ‘எனக்குப் பொறுமையே கிடையாது’ என்பவருக்கு என் இனிய இயந்திரா, இரண்டு வாரம் கழித்து ஸ்ரீரங்கத்து தேவதைகள். கதையென்றாலே முகம் சுளிக்கும் அதிகாரிக்குக் காப்பிக் கட்டுரைகள். யாருக்காவது பிறந்தநாள் பரிசாகப் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் பெட்டியோடு கொடுக்கத் திட்டமிட்டிருந்தால், அவர் வீட்டு அலமாரியில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இருக்கும், முதல் பாகத்தில் மட்டும் முதுகு மடங்கியபடி.

எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மேலே சொன்னவற்றில் பல மாவட்ட மைய நூலகத்தில் கிடைக்கும். கிளை நூலகத்திலும் தேடினால் சில அகப்படும். கோபல்ல கிராமத்தை எடுத்துவந்து முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வெக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.